கிளிமீனுக்கு எத்தனை வயசு? ஒரு திருத்தமும் ஒரு கணக்கும்

இந்த வார எபிசோட் ஒரு திருத்தத்தில் ஆரம்பிக்குது. மூணு வாரத்துக்கு முன்னாடி கடல் உணவு பற்றிப் பேசினப்போ, போகிற போக்கில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தேன். "ஒரு மீன் ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை போடும், அதனால மீன் தீர்ந்துபோயிடும்னு ரொம்பக் கவலைப்பட வேண்டாம்." ரெக்கார்டிங்கைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என்ன ஒரு தன்னம்பிக்கை!

அடுத்த நாளே ஒரு மெயில் வந்தது. கடல் உயிரியல் படிக்கிற ஒரு தங்கச்சி. மொத்தமே மூணு வரி. "அண்ணா, முட்டைக் கணக்கு வேற, வயசுக் கணக்கு வேற. கிளிமீனை எடுத்துக்கிட்டு நீங்களே ஒரு சிமுலேஷன் எழுதிப் பாருங்க. உங்களுக்குத்தான் பைதான் தெரியுமே."

கொஞ்சம் உறுத்தியது. உண்மையைச் சொல்லணும்னா நல்லாவே உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் நாற்பது வரி கோட். ஓட்டிப் பார்த்ததும், நான் சொன்னது ஏன் தப்பு என்று எனக்கே தெரிஞ்சு போச்சு. அதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்லப் போறேன். கணக்கு இருக்கும், ஆனா பத்தாம் வகுப்பு அளவுக்கு மேல போகாது. பயப்படாதீங்க.

கடலில் மேயற மாடு

முதல்ல கிளிமீன் யாரு? பவளப்பாறை இருக்கிற வெப்பக் கடல்களில் வாழ்கிற மீன். பற்கள் எல்லாம் ஒண்ணா சேர்ந்து கிளி மூக்கு மாதிரி இருக்கும். அதனால்தான் அந்தப் பேர். மலையாளி நண்பர்கள் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு குறிப்பு: உங்க ஊர் 'கிளிமீன்' வேற மீன், குழப்பிக்காதீங்க.

இது மற்ற மீனைத் துரத்திச் சாப்பிடாது. பாறையைச் சுரண்டி, அதுல படர்ந்திருக்கிற பாசியைச் சாப்பிடும். பாசியோட சேர்த்துச் சுண்ணாம்புப் பாறையும் உள்ளே போகும். அதை அரைச்சு, வெள்ளை மணலா வெளியே விடும். பெரிய கிளிமீன் ஒண்ணு ஒரு வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் விடும். போஸ்ட்கார்டில் பார்க்கிற வெள்ளை மணல் கடற்கரைகளில் ஒரு நல்ல பங்கு இந்த மீனோட வயிற்று வழியா வந்ததுதான். அடுத்த தடவை தேனிலவு ஃபோட்டோ பார்க்கும்போது இதை நினைச்சுக்கோங்க.

இந்த மேய்ச்சல் ஏன் முக்கியம்? பவளக் குஞ்சு வந்து ஒட்டி வளர்வதற்குச் சுத்தமான, வெறும் பாறை வேண்டும். பாசி ரொம்ப வேகமா வளரும், பவளம் ரொம்ப மெதுவா வளரும். மேய ஆளில்லை என்றால் பாசி எல்லா இடத்தையும் பிடிச்சுக்கும். பவளத்துக்கு உட்கார இடமே இருக்காது. நம்ம வீட்டுத் தோட்டத்துல களை எடுக்காம விட்டா என்ன ஆகும்? அதே கதை.

இன்னொரு விசேஷம். கரீபியன் கடலில் ஸ்டாப்லைட் கிளிமீன் என்று ஒரு இனம். இதுல பெரும்பாலான மீன் முதலில் பெண்ணாக இருக்கும். வளர்ந்து பெரிசானதும் சில மீன்கள் ஆணாக மாறும். பெண்ணாக இருக்கும்போது பழுப்பும் சிவப்புமா இருக்கும். ஆணா மாறினதும் பளிச்சுன்னு பச்சை நிறம், அங்கங்கே மஞ்சள். அதாவது கூட்டத்தில் இருக்கிற பெரிய பச்சை மீனை எடுத்தீங்கன்னா, பெரும்பாலும் ஒரு ஆணை எடுத்திருக்கீங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தலைக்குள்ள ஒரு கல்

மீனுக்கு வயசு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கத்தாழை மீன் தலையைக் குழம்பில் சாப்பிட்டவங்களுக்குத் தெரியும், வாயில் வெள்ளையா ஒரு கல் தட்டுப்படும். சின்ன வயசுல நாங்க அதைக் கழுவிச் சேர்த்து வெச்சிருக்கோம். அது மீனோட காதுக்கல். உள்காதுக்குள்ள இருக்கும், மீன் உடலை நேரா வெச்சுக்கவும் கேட்கவும் உதவும். எலும்புள்ள மீன் எல்லாத்துக்கும் இது உண்டு. கத்தாழைக்குப் பெரிசு, அதனால கண்ணுக்குத் தெரியுது.

இந்தக் கல்லு மீன் சாகிற வரைக்கும் மேலே மேலே படலமா வளர்ந்துக்கிட்டே இருக்கும். குறுக்கே மெல்லிசா அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தா மரத்தோட வளையம் மாதிரி வளையங்கள் தெரியும். 1971-இல் ஜார்ஜியோ பன்னெல்லா என்பவர், தினசரி வளையம் கூட இருக்கு என்று காட்டினார். நாளுக்கு ஒரு கோடு! ஒரு விதத்துல இது மீனோட லாக் ஃபைல். யாரும் திருத்த முடியாத லாக் ஃபைல்.

ரொம்ப காலத்துக்கு ஒரு எண்ணம் இருந்தது. குளிர்நாட்டில்தான் கோடை, குளிர்காலம் என்று வித்தியாசம் இருக்கு, அதனால அங்கேதான் வருஷ வளையம் விழும், வெப்பக் கடல் மீனில் விழாது என்று. அது தப்பு என்று பின்னாடி தெரிஞ்சது. அதுக்கப்புறம் பவளப்பாறை மீன்களோட வயசைப் பார்த்தவங்களுக்கு ஆச்சரியம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் சர்ஜன் மீன் என்று ஒரு குடும்பம் இருக்கு, அதுவும் பாசி மேயறதுதான். முதல் மூணு நாலு வருஷத்துலயே கிட்டத்தட்ட முழு அளவுக்கு வளர்ந்துடும். அதுக்கப்புறம் 30 வருஷத்துக்கு மேல, அதே சைஸில் வாழும்.

யோசிச்சுப் பாருங்க. மார்க்கெட்டில் ஒரே நீளத்துல ரெண்டு சர்ஜன் மீன் அடுக்கி வெச்சிருக்காங்க. ஒண்ணுக்கு நாலு வயசு. இன்னொண்ணு உங்களை விட மூத்ததா இருக்கலாம். வெளியே பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. நீளத்தை மட்டும் வெச்சு "பெரிய மீன் நிறைய இருக்கு, எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னா ஏமாந்துடுவோம்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு இருக்கு. லுட்விக் ஃபான் பெர்ட்டலன்ஃபி என்கிற ஆஸ்திரிய உயிரியலாளர் 1930களில் எழுதினது. அதோட கருத்து எளிசு: சின்னதா இருக்கும்போது வேகமா வளரும், ஒரு எல்லையை நெருங்க நெருங்க வேகம் குறையும். என் ப்ரோக்ராமில் ஒரு கற்பனைக் கிளிமீனை வெச்சேன். அதிகபட்ச நீளம் 40 செ.மீ. கணக்குப் போட்டா முதல் வயசுல 13 செ.மீ., ரெண்டாவதுல 22, மூணாவதுல 28, அஞ்சாவதுல கிட்டத்தட்ட 35. நீளம் ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலதான் கூடியிருக்கு. ஆனா எடை நீளத்தோட மும்மடிப் பெருக்கமா கூடும். அதனால அஞ்சு வயசு மீன், ஒரு வயசு மீனை விட 18 மடங்கு எடை. இது மாதிரிக்காக நான் போட்ட எண்கள்தான், எந்த ஒரு இனத்தோட அளவும் இல்லை. ஆனா கிராஃபோட வடிவம் நிஜம்.

ஒரே மீன் ரெண்டு தடவை சாகாது

இப்ப சாவுக் கணக்கு. மீன் ரெண்டு வழியில் சாகும். ஒண்ணு இயற்கை இறப்பு: பெரிய மீன் தின்னும், நோய் வரும், வயசாகும். இன்னொண்ணு மீன்பிடி இறப்பு: நாம எடுக்கிறது. ரெண்டும் சேர்ந்தது மொத்த இறப்பு.

இயற்கையா வருஷத்துக்கு 100-க்கு 26 சாகுது என்று வெச்சுக்கோங்க. மீன்பிடியும் தனியா அதே அளவு அழுத்தம் கொடுக்குது. அப்ப வருஷக் கடைசியில் எத்தனை செத்திருக்கும்? 52 என்றுதான் நானும் முதல்ல எழுதினேன். தப்பு. சரியான விடை 45. ஏன்னா வலையில் மாட்டின மீனை சுறா திரும்பத் தின்ன முடியாது. ஒரே மீன் ரெண்டு தடவை சாகாது. ரெண்டு காரணமும் ஒரே கூட்டத்துக்காகப் போட்டி போடுது. கூட்டு வட்டியைத் தலைகீழாப் போட்ட மாதிரி.

சரி, சிமுலேஷன். வருஷா வருஷம் 1000 குஞ்சு வருது. முதல் வருஷம் ரொம்பச் சின்னது, மீன்பிடியில் மாட்டாது. ஒரு வயசுல இருந்து மாட்டும். மூணு கடல்களை ஓட்டினேன்.

முதல் கடல்: மீன்பிடியே இல்லை. அந்த 1000 குஞ்சுல அஞ்சு வயசை 223 எட்டுது.

ரெண்டாவது கடல்: மீன்பிடி அழுத்தம் இயற்கை இறப்புக்குச் சமம். அஞ்சு வயசை எட்டுறது 67.

மூணாவது கடல்: மீன்பிடி அழுத்தம் இயற்கை இறப்பை விட மூணு மடங்கு. அஞ்சு வயசை எட்டுறது 6. ஆமா, ஆறே ஆறு.

இப்பதான் எனக்கு உறைச்ச இடம் வருது. எல்லா வயசு மீனையும் கூட்டி மொத்தம் எத்தனை என்று ஒரு வரி எழுதினேன். முதல் கடலில் 3859. மூணாவது கடலில் 2060. அதாவது இவ்வளவு கடுமையா மீன் பிடிச்சும், மொத்த எண்ணிக்கை பாதிக்கு மேல இருக்கு! "பரவாயில்லையே, ஒண்ணும் குடி முழுகிப் போகலையே" என்றுதான் தோணுது. அடுத்த வரியில் அஞ்சு வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறதை மட்டும் எண்ணினேன். முதல் கடலில் 861. மூணாவதில் 9. நூற்றில் ஒரு பங்கு.

அவ்வளவுதான் விஷயம். எண்ணிக்கை பாதி இருக்கும்போதே பெரியவங்க முழுசா காணாமப் போயிடுறாங்க. ஆஃபீஸில் நாம எல்லாரும் பார்த்திருக்கோம். டேஷ்போர்டில் ஒரே ஒரு சராசரி எண், பச்சை கலரில் மின்னிக்கிட்டு இருக்கும். உள்ளே பார்த்தா பத்து சதவீத யூசர்களுக்கு ஆப் திறக்கவே திறக்காது. தப்பான எண்ணை அளந்தா சிஸ்டம் விழுகிற வரைக்கும் பச்சையாத்தான் காட்டும்.

அந்த ஒன்பது மீன் ஏன் முக்கியம்? மூணு காரணம். ஒண்ணு, பெரிய கிளிமீன் ஒரு கடிக்குச் சுரண்டுற இடம் சின்ன மீனை விட பல மடங்கு பெரிசு, ஆழமும் கூட. சின்ன மீன் வேகமா கொத்தும், ஆனா அந்த வேகத்தால இதை ஈடுகட்ட முடியாது. ரெண்டு, பெரிய பெண் மீன் உடம்பளவுக்கு ஏத்த மாதிரி நிறைய முட்டை போடும். நான் பெருமையா சொன்ன லட்சக்கணக்கான முட்டை அதுங்க போடுறதுதான். மூணு, ஆண்கள் அந்தப் பெரிய வரிசையில்தான் இருக்காங்க.

நிஜக் கடலில் இந்த இறப்பு விகிதத்தை எப்படி அளப்பாங்க என்று கேட்கலாம். அதுவும் காதுக்கல்தான். ஒரு கடற்கரையில் பிடிச்ச மீன்களோட வயசைப் பார்த்து அடுக்குறாங்க. மூணு வயசு மீன் 100, நாலு வயசு 55, அஞ்சு வயசு 30 என்று இருந்தா, வருஷத்துக்கு 100-க்கு 45 சாகுது என்று படிச்சுடலாம். இதுல நம்ம பங்கு எவ்வளவு, இயற்கையோட பங்கு எவ்வளவு என்று பிரிக்கிறதுதான் கஷ்டம். மீன்பிடி இல்லாத ஒரு இடத்தோட ஒப்பிடலாம். இல்லைன்னா, டேனியல் பாலி 1980-இல் 175 மீன் கூட்டங்களோட தகவலை வெச்சு உருவாக்கின சூத்திரம் இருக்கு. வளர்ச்சி வேகமும் கடல் வெப்பமும் தெரிஞ்சா இயற்கை இறப்பைத் தோராயமா சொல்லும். ஒரு வருஷம் குஞ்சு நிறைய வந்து அடுத்த வருஷம் குறைஞ்சா இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காணும். அதனால பல வருஷம் திரும்பத் திரும்ப அளப்பாங்க.

ஜமைக்காவில் ரெண்டாவது சர்வரும் விழுந்தது

இது வெறும் லேப்டாப் விளையாட்டா? இல்லை. இது நடந்த ஊர் ஜமைக்கா.

ஜமைக்காவின் வடகரையில் பவளப்பாறை கரைக்கு ரொம்பப் பக்கத்துல, ஒரு ஒடுங்கின பட்டையா ஓடுது. சின்னப் படகு இருந்தாலே போயிடலாம். அங்கே மரக்கழியில் சட்டம் கட்டி, அதுமேல கோழிக்கூண்டுக் கம்பி வலை சுத்தின கூடுகளை இறக்கி மீன் பிடிப்பாங்க. கூடு ஆள் பார்த்துப் பிடிக்காது. உள்ளே நுழைஞ்சு, கம்பிக் கண் வழியா வெளியே போக முடியாத எல்லாமே மாட்டும். கிளிமீன் தட்டையா, அகலமா இருக்கிறதால சின்ன வயசுலயே மாட்டிக்கும்.

1960களின் கடைசியிலேயே அந்த வடகரைப் பாறைகளில் மீனோட மொத்த எடை 80 சதவீதம் வரைக்கும் குறைஞ்சு போயிருந்தது. சுறா, பெரிய களவா மாதிரி வேட்டை மீன்கள் முதல்ல காணாமப் போச்சு. அப்புறம் பெரிய கிளிமீன். மிச்சம் இருந்ததெல்லாம் சின்னச் சின்ன மீன். பல இனங்கள் முட்டை போடுற வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே கூட்டுக்குள்ள.

ஆனா யாருக்கும் பெரிசா எதுவும் தெரியலை. ஏன்னா பாறையில் பாசி கட்டலை. 1977-இல் பாறையில் பாதி, 52 சதவீதம், உயிருள்ள பவளம். பாசி 4 சதவீதம்தான். அப்ப மேய்ஞ்சது யாரு? நீளமான கறுப்பு முள் வெச்ச கடல் முள்ளெலி. அதைத் தின்னக்கூடிய மீன்களையும், அதோட பாசிக்குப் போட்டி போடுற மீன்களையும் மனுஷன் எடுத்துட்டான். அதனால முள்ளெலி பெருகி, மீன் செய்யற வேலை முழுசையும் அது ஒண்ணே செஞ்சுக்கிட்டு இருந்தது.

நம்ம பாஷையில் சொல்றேன். ரெண்டு சர்வர் லோடைப் பகிர்ந்துக்கிட்டு இருந்தது. ஒண்ணை மெதுவா, வருஷக்கணக்கா, கழட்டிக்கிட்டே வந்தோம். மொத்த லோடும் இன்னொண்ணுக்குப் போச்சு. வெப்சைட் ஓடிக்கிட்டே இருந்தது. யாருக்கும் அலாரம் அடிக்கலை.

1980-இல் ஆலன் புயல் வந்து பவளத்தை அடிச்சு நொறுக்குச்சு. அப்பவும் முள்ளெலி இருந்ததால பாறை சுத்தமா இருந்து, புதுப் பவளம் வர ஆரம்பிச்சது. அப்புறம் 1983 ஜனவரி. பனாமா கால்வாயோட கரீபியன் வாசல் பக்கம் முள்ளெலிகள் சாக ஆரம்பிச்சது. நீரோட்டத்தோட அந்த நோய் பரவி, ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆன காலத்துல கிட்டத்தட்ட கரீபியன் முழுசும் போச்சு. பல இடங்களில் 100-க்கு 90-க்கு மேல செத்தது. ஜமைக்காவில் கிட்டத்தட்ட எல்லாமே. என்ன கிருமி என்று அப்ப யாராலும் கண்டுபிடிக்க முடியலை.

ரெண்டாவது சர்வர் விழுந்தது. முதல் சர்வரைத் தேடினா, அது ஏற்கெனவே இல்லை. பிடிச்சுச் சாப்பிட்டாச்சு.

டெர்ரி ஹியூஸ் என்கிற ஆய்வாளர் 1994-இல் அந்தக் கணக்கை வெளியிட்டார். 1993-இல் பவளம் 52-இல் இருந்து 3 சதவீதமா குறைஞ்சிருந்தது. பாசி 4-இல் இருந்து 92 சதவீதம். பதினாறு வருஷத்துல ஒரு பவளக் காடு பாசி வயலா மாறிப்போச்சு. புயல், நோய், கரையில் இருந்து வர்ற கழிவு என்று பல காரணம் சேர்ந்ததுதான். எது எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னைக்கும் விவாதிக்கிறாங்க. ஆனா மேய ஆளில்லாமப் போனது அதுல பெரிய காரணம் என்பதில் பலரும் ஒத்துப்போறாங்க.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். ஜமைக்கா மீனவரை வில்லனாக்க நான் இதைச் சொல்லலை. கோழிக்கூண்டுக் கம்பியில் கூடு கட்டறவர் பெரிய கம்பெனி நடத்துறவர் இல்லை. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குச் சாப்பாடு வேணும். பெரிய மீன் இருந்தா அவரும் பெரிய மீனைத்தான் பிடிச்சிருப்பார். 1990களில் டிஸ்கவரி பே பக்கம், பெரிய கண் வெச்ச கம்பி வலையைக் கொடுத்து கூட்டை மாத்தச் சொல்லும் ஒரு திட்டம் நடந்தது. சின்ன மீன் தப்பிச்சு வளர்ந்து அடுத்த வருஷம் எடையா திரும்ப வரும். கணக்கு சரிதான். ஆனா அந்த நடுவுல இருக்கிற மாசங்களுக்கு வாடகை யார் கட்டறது? இந்தக் கேள்விக்கு என் பைதானில் பதில் இல்லை.

பெர்முடா காத்திருந்தது

பதில் தேடின ஊரும் இருக்கு. பெர்முடா 1990-இல் மீன் கூடுகளை மொத்தமா தடை பண்ணுச்சு. மீனவர்களுக்கு இழப்பீடு கொடுத்தாங்க. 1993-இல் கிளிமீனைப் பிடிக்கவே கூடாது என்று பாதுகாப்பும் வந்தது.

அடுத்த வருஷங்களில் ஸ்டாப்லைட் கிளிமீனோட மொத்த எடை நல்லா ஏறுச்சு. இதுல எனக்குப் பிடிச்ச பாகம் இது: குஞ்சு வரத்து கூடலை. வருஷா வருஷம் வந்த குஞ்சு கிட்டத்தட்ட அதே அளவுதான். வந்தது சாகாம வளர்ந்தது, அவ்வளவுதான். முட்டை அதிகமாகி மீன் பெருகலை, ஆயுசு கூடி மீன் பெருகுச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி நான் சொன்ன வாக்கியம் இந்த இடத்துலதான் முழுசா உடைஞ்சுபோச்சு. ஆண் பெண் விகிதமும் வேகமா பழைய நிலைக்குத் திரும்புச்சு.

2014-இல் கரீபியன் பவளப்பாறைகள் பற்றி ஒரு பெரிய தொகுப்பறிக்கை வந்தது. ஜெரமி ஜாக்சன் தலைமையில், 1970-இல் இருந்து 2012 வரைக்கும் உள்ள தகவல். கிளிமீனைக் காப்பாத்தின பெர்முடா, பொனைர் மாதிரி இடங்களில் பாறை மற்ற இடங்களை விட நல்லா இருக்கு என்று அது சொன்னது. பெலீஸ் 2009-இலேயே கிளிமீன், சர்ஜன் மீன் ரெண்டையும் பிடிக்கத் தடை போட்டது. ஜமைக்காவிலும் ஒரகபெஸ்ஸா விரிகுடா மாதிரி சில இடங்களில், மீனவர்களே காவல் காக்கிற சரணாலயம் வந்திருக்கு.

முழுசா தடை பண்ண முடியாத ஊர் என்ன பண்றது? "குஞ்சை விடு, பெரிசைப் பிடி" என்று ஒரு விதி போட்டா போதுமா? என் சிமுலேஷனில் அதையும் போட்டுப் பார்த்தேன். குஞ்சை விட்டா கண்டிப்பா நல்லது. ஆனா பெரிசான உடனே எல்லாத்தையும் அள்ளினா, அந்த ஒன்பது மீன் ஒன்பதாவே இருக்கு. 2016-இல் கரீபியன் கிளிமீனை வெச்சு ஒரு ஆய்வுக்குழு இதே கேள்வியை ஒழுங்கா, நிஜத் தகவலோட போட்டுப் பார்த்தது. அவங்க சொன்ன விடை ரெண்டு பாகம். 30 செ.மீ.க்குக் கீழ பிடிக்காதீங்க. அதுக்கு மேல இருக்கிறதிலும் வருஷத்துக்குப் பத்துல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. ரெண்டும் சேர்ந்தாதான் பாறையும் பிழைக்கும், மீனவருக்கும் மீன் கிடைக்கும். ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டா பாதிக் கிணறுதான்.

அவசரம் ஏன் என்றால், அந்த முள்ளெலிக் கதை முடியலை. 2022-இல் கரீபியனில் திரும்ப முள்ளெலிகள் கூட்டம் கூட்டமா செத்தது. இந்தத் தடவை காரணம் தெரிஞ்சது, ஒரு செல் உயிரி ஒண்ணு. ஆனா தெரிஞ்சதால சாவு நிக்கலை. நாற்பது வருஷத்துல ரெண்டாவது தடவை. முதல் சர்வர் எந்த நிலையில் இருக்கு என்பதுதான் இப்ப ஒவ்வொரு தீவுக்கும் கேள்வி.

திருத்தம்

சரி, என் திருத்தத்தை ஒழுங்கா பதிவு பண்ணிடறேன். மீன் லட்சக்கணக்கில் முட்டை போடும், உண்மைதான். ஆனா அது ஒரு கடல் நல்லா இருக்கு என்பதற்கு ஆதாரம் இல்லை. எத்தனை மீன் இருக்கு என்று யாராவது ஒரு எண் சொன்னா, அடுத்த கேள்வி கேளுங்க: அதுல எத்தனை மீனுக்கு வயசாகி இருக்கு? வயசான மீன் இருக்கிற கடலில்தான் மீன் வயசாக நாம விட்டிருக்கோம். வேற எந்த எண்ணும் அதை இவ்வளவு நேர்மையா சொல்லாது.

கோடை யாராவது பார்க்கணும்னா மெயில் போடுங்க, அனுப்பி வைக்கிறேன். நாற்பது வரிதான், கிண்டல் பண்ணக் கூடாது. இயற்கை இறப்பை மாத்துங்க, மீன்பிடியை மாத்துங்க, மொத்த எண்ணிக்கை எப்படி அமைதியா பொய் சொல்லுது என்று நீங்களே பாருங்க. நான் அந்த 52-ஐ 45 ஆக்கின இடத்துல ஒரு கமென்ட் விட்டு வெச்சிருக்கேன்: "ஒரே மீன் ரெண்டு தடவை சாகாது."

மெயில் போட்ட தங்கச்சிக்கு: எழுதிப் பார்த்துட்டேன்மா. நீ சொன்னதுதான் சரி. நன்றி.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. அதுவரைக்கும் மீன் தலை கிடைச்சா அந்தக் கல்லைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு தடவை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. வரேன்.